பிரேக் மிதித்தால் பாட்டு

"போல்ட்டு, உன் மாமாகிட்ட அந்தப் பெரிய ஸ்பேனரைக் கேளு" என்றார் அப்பா.

மாமா அப்பாவுக்கு நேர் எதிரில்தான் நின்றுகொண்டிருந்தார். இருவருக்கும் நடுவில் ஒரு காரின் பானட் மட்டும்தான் இருந்தது. கொஞ்சம் எட்டினால் அப்பாவே ஸ்பேனரை எடுத்துக்கொள்ளலாம்.

"மாமா, அப்பா பெரிய ஸ்பேனர் கேக்குறாரு."

"கேட்டுச்சு. எதுக்காம்னு கேளு."

"அப்பா, எதுக்காம்?"

"வேலை செய்யத்தான்னு சொல்லு. காது குடையவா கேப்பாங்க?"

போல்ட்டு மாமா பக்கம் திரும்பினாள். "கொஞ்சம் வேலை இருக்காம் மாமா. குடுப்பீங்களாம்" என்றாள். காது குடையும் பகுதியை வழியிலேயே கீழே போட்டுவிட்டாள்.

சில நாட்களாக அவளுக்கு இதே வேலைதான். அப்பா சொல்வதை மாமாவிடம் சொல்ல வேண்டும். மாமா சொல்வதை அப்பாவிடம் சொல்ல வேண்டும். இரண்டு பேருக்கும் காது நன்றாகவே கேட்கும். ஆனாலும் அவள் சொன்ன பிறகுதான் கேட்டதுபோல் காட்டிக்கொள்வார்கள்.

பள்ளிக்கூடத்தில் போல்ட்டுவுக்கு அழகான வேறொரு பெயர் இருக்கிறது. ஷெட்டுக்குள் அது செல்லாது. குழந்தையாகத் தவழ்ந்த காலத்தில் எப்போதும் கையில் ஒரு போல்ட்டைப் பிடித்துக்கொண்டிருப்பாளாம். பிடுங்கினால் ஊரைக் கூட்டிவிடுவாளாம். அப்போது மாமா வைத்த பெயர் அப்படியே ஒட்டிக்கொண்டது.

அது பழைய கார்களைப் புதுசாக்கும் ஷெட். இன்ஜினும் வயரிங்கும் அப்பாவின் வேலை. பெயிண்ட், அம்மாவின் தம்பியான மாமாவின் வேலை. சீட் தைப்பது அம்மா. அம்மாவின் தையல் மெஷின் ஷெட்டின் ஓரத்தில், ஜன்னலுக்குப் பக்கத்தில் இருந்தது.

"அம்மா, நீ யார் பக்கம்?" என்று போல்ட்டு ஒருமுறை கேட்டுப் பார்த்தாள்.

"நான் சீட்டுப் பக்கம்" என்றாள் அம்மா, ஊசியிலிருந்து கண்ணை எடுக்காமல். "ஒருத்தர் வீட்டுக்காரர், ஒருத்தன் கூடப் பொறந்தவன். வாயைத் திறந்தா எனக்குத்தான் தலைவலி."

சண்டைக்குக் காரணம் ஒரு ரேடியோ.

அந்த ரேடியோ இருந்த கார் ஒரு பல் டாக்டருடையது. அப்பா பிறப்பதற்கு முன்பே சாலையில் ஓடிய கார் அது. துருப்பிடித்து, சீட் கிழிந்து, ஒரு பக்கம் சாய்ந்தபடி ஷெட்டுக்கு வந்தது. இப்போது அதைப் பார்த்தால் யாரும் நம்ப மாட்டார்கள். மாமா அதற்கு இளம்பச்சை நிறம் அடித்திருந்தார். அடித்தார் என்று சொன்னால் போதாது. கதவைத் திறந்தால் தெரிகிற இடம், திறந்தாலும் தெரியாத இடம், குனிந்து டார்ச் அடித்தால் மட்டும் தெரிகிற இடம் என்று ஓர் இடத்தையும் அவர் விடவில்லை.

"அங்கேயெல்லாம் யாரு மாமா பாக்கப் போறாங்க?" என்று போல்ட்டு கேட்டாள்.

"அந்த இடத்துக்குத் தெரியுமில்ல?" என்றார் மாமா.

டாக்டர் கேட்டது ஒன்றே ஒன்றுதான். "வேகமெல்லாம் வேண்டாம். ரேடியோ மட்டும் சுத்தமாப் பாடணும். பகல் பூரா என் காதுல டிரில் சத்தம்தான். வீட்டுக்குப் போற வழியிலதான் நான் பாட்டுக் கேப்பேன்."

பழைய கார்களில் ரேடியோ வைத்தால் 'கரகர' சத்தம் வருவது சகஜம். இன்ஜினுக்குள் பெட்ரோலைப் பற்றவைக்க மின்பொறி தெறிக்கிறதே, அந்தப் பொறி ஒவ்வொன்றும் ரேடியோவுக்குக் கேட்டுவிடும். அதற்கு வைத்தியம் அப்பாவுக்குத் தெரியும். பிளக் வயர்களை மாற்றினார். சத்தத்தை உறிஞ்சிக்கொள்ளும் கண்டன்சர் என்ற சின்ன உருளையை வைத்தார். ஷெட்டுக்குள் நிறுத்தி இன்ஜினை ஓடவிட்டபோது ரேடியோ தேனாய்ப் பாடியது. அப்பா காலரைத் தூக்கிவிட்டுக்கொண்டார்.

டாக்டர் வந்தார். காரைத் தெருவில் இறக்கினார்கள். கார் ஓடத் தொடங்கியதும் 'கர்ர்ர்ர்' என்றது ரேடியோ. பாடுகிறவரின் குரல் அந்தச் சத்தத்துக்குள் மூழ்கி மூழ்கி எழுந்தது.

"என் கிளினிக்குக்கே திரும்பிப் போன மாதிரி இருக்கு" என்றார் டாக்டர். கோபமாகச் சொல்லவில்லை. சோர்வாகச் சொன்னார். அதுதான் எல்லோருக்கும் கஷ்டமாக இருந்தது. சனிக்கிழமை மாலை திரும்ப வருவதாகச் சொல்லிவிட்டுப் போனார்.

அப்பா யோசித்தார். "இரும்போட இரும்பு சேர்ந்தாத்தான் சத்தம் அடங்கும். மாப்ள, நீ எல்லா இணைப்புலயும் பெயிண்ட் அடிச்சு வச்சிருக்கே. ரேடியோ ஏரியலுக்கு அடியில சுரண்டு. பானட் ஓரத்துலயும் சுரண்டு."

தன் பெயிண்டைத் தானே சுரண்டுவது எப்படி இருக்கும்? மாமா உப்புத்தாளை எடுத்துச் சுரண்டினார். போல்ட்டுவால் அதைப் பார்க்க முடியவில்லை. சுரண்டி முடித்துத் தெருவில் ஓட்டினார்கள். அன்றைக்கு லேசாகத் தூறிக்கொண்டிருந்தது. சத்தமே இல்லை!

"பார்த்தியா? பெயிண்டுதான்!" என்று அப்பா குதித்தார்.

மறுநாள் வெயில் அடித்தது. கரகரப்பு திரும்பி வந்துவிட்டது.

"அப்போ பெயிண்ட் இல்லை. உங்க வயரிங்தான்" என்றார் மாமா.

"என் வயரிங்கா? ஷெட்டுல நல்லாத்தானே பாடுது?" அப்பாவுக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. "சும்மா அழகா இருந்தா போதுமா? ஷோகேஸ்ல வைக்கவா வண்டியைக் குடுத்தாங்க?"

அப்பா அதை யோசித்துச் சொல்லவில்லை. ஆனால் சொல்லிவிட்டார்.

மாமா சத்தம் போட்டிருந்தால் பரவாயில்லை. மெதுவாகத்தான் பேசினார். "அழகு வேணுங்கிற இடத்துக்கே நான் போயிடுறேன். பஸ் கட்டுற கம்பெனியில ரொம்ப நாளாக் கூப்பிடுறாங்க. இந்த வண்டி போனதும், திங்கட்கிழமை கிளம்புறேன்."

பஸ் கம்பெனி இருந்தது வேறு ஊரில். ரயிலில் போக வேண்டும்.

அன்றிலிருந்துதான் இரண்டு பேரும் நேராகப் பேசுவதில்லை. மாமா இல்லாத ஷெட்டைப் போல்ட்டுவால் நினைத்துப் பார்க்க முடியவில்லை. அவளுக்கு ரேடியோவைப் பற்றிக் கவலையில்லை. மாமா போகக்கூடாது. அவ்வளவுதான்.

சனிக்கிழமையும் வந்துவிட்டது. காலையில் கடைசியாக ஒருமுறை ஓட்டிப் பார்க்கலாம் என்று கிளம்பினார்கள். அப்பா ஓட்டினார். ரேடியோவைக் கவனிக்க மாமா பக்கத்தில் உட்கார்ந்தார். செய்தி சொல்ல ஆள் வேண்டுமே, போல்ட்டு பின்சீட்டில் ஏறினாள். இரண்டு சீட்டுக்கும் நடுவில் தலையை நீட்டிக்கொண்டாள்.

தெரு முனை தாண்டுவதற்குள் 'கர்ர்ர்ர்' தொடங்கிவிட்டது.

"உன் மாமாகிட்டக் கேளு, சத்தம் மேல வருதா, கீழ வருதான்னு."

"உன் அப்பாகிட்ட சொல்லு, சத்தம் ரேடியோவுல வருதுன்னு."

"மாமாவுக்கு இன்னும் சரியாப் புரியலையாம்பா" என்றாள் போல்ட்டு.

பள்ளிக்கூடத்துக்கு முன்னால் ஒரு வேகத்தடை இருந்தது. அப்பா பிரேக்கை மிதித்தார். வண்டி மெதுவானது. போல்ட்டு காதைத் தீட்டிக்கொண்டாள். சத்தம் நின்று, பாட்டின் ஒரு வரி பளிச்சென்று கேட்டதே? வேகத்தடையைத் தாண்டியதும் திரும்பவும் 'கர்ர்ர்ர்'.

கடைவீதியில் ஒரு நாய் குறுக்கே வந்தது. அப்பா பிரேக் போட்டார். பாட்டு! நாய் போனது. 'கர்ர்ர்ர்'.

அப்பாவின் கண் நாய்மேல் இருந்தது. மாமாவின் கண், கல் ஏதாவது தெறித்துத் தன் பெயிண்டில் பட்டுவிடுமோ என்று பானட்மேல் இருந்தது. பிரேக் போடும்போது ரேடியோ என்ன செய்கிறது என்று பார்க்க அந்தக் காருக்குள் போல்ட்டுவைத் தவிர வேறு ஆளில்லை.

"அப்பா, பிரேக் போட்டா சத்தம் நிக்குது!"

"வண்டி நின்னா சத்தமும் நிக்கும் கண்ணு. அது தெரிஞ்ச விஷயம்தானே?"

"வண்டி நிக்கிறதுக்கு முன்னாடியே..."

"உன் அப்பாகிட்ட சொல்லு" என்று மாமா குறுக்கே வந்தார், "முன்னாடி பார்த்து ஓட்டச் சொல்லு. எதிர்ல லாரி."

அதற்கு அப்பா ஒரு பதில் சொன்னார். அதற்கு மாமா ஒரு பதில் சொன்னார். இரண்டையும் மாற்றி மாற்றிச் சொல்வதற்குள் ஷெட் வந்துவிட்டது. போல்ட்டு சொல்ல வந்தது அவள் வாயிலேயே தங்கிவிட்டது.

அப்பா கடைக்குக் கிளம்பினார். "ரேடியோவுக்குப் பின்னாடி இன்னொரு கண்டன்சர் வச்சுப் பாக்குறேன். வேற வழி தெரியலை" என்று அம்மாவிடம் சொல்லிவிட்டுப் போனார்.

போல்ட்டு ஷெட்டுக்குள் போனாள். மாமா தன் பெயிண்ட் கன்னைத் துடைத்துக்கொண்டிருந்தார். எப்போதும் துடைத்துவிட்டு ஆணியில் மாட்டுவார். இன்றைக்கு அதைத் துணியில் சுற்றி ஒரு பெட்டிக்குள் வைத்தார்.

போல்ட்டுவுக்கு அழுகை முட்டியது. அழுதால் நேரம் போய்விடும் என்று நினைத்துக்கொண்டாள்.

"மாமா, என்னை அந்த வண்டியில ஒரு ரவுண்டு கூட்டிட்டுப் போங்க."

"உங்க அப்பா இல்லாதப்போ வண்டியைத் தொட்டா, தொடக்கூடாதுன்னு சொல்லுவாரு."

"அப்படி அவர் சொல்லலையே. சொல்லியிருந்தா நான்தானே வந்து உங்ககிட்ட சொல்லியிருப்பேன்?"

மாமாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சாவியை எடுத்தார்.

கடைவீதியைத் தாண்டினால் ஆளில்லாத ஒரு நீளமான சாலை. 'கர்ர்ர்ர்' என்று ரேடியோ இழுத்துக்கொண்டே வந்தது.

"மாமா, இப்போ பிரேக்கை லேசா மிதிங்க. வண்டி நிக்கக் கூடாது. காலைச் சும்மா வச்சு அழுத்துங்க."

"எதுக்கு? முன்னாடி ஒண்ணுமில்லையே."

"மிதிங்க மாமா!"

மாமா மிதித்தார். வண்டி ஓடிக்கொண்டுதான் இருந்தது. ஆனால் சத்தம் நின்றுவிட்டது. ஒரு பெண் குரல் தெளிவாகப் பாடியது.

காலை எடுத்தார். 'கர்ர்ர்ர்'.

மிதித்தார். பாட்டு.

எடுத்தார். 'கர்ர்ர்ர்'.

"அடேயப்பா!" என்றார் மாமா. வண்டியை ஓரமாக நிறுத்தினார். "பிரேக்குக்கும் ரேடியோவுக்கும் என்ன சம்பந்தம்?"

"பிரேக் மிதிச்சா என்ன ஆகும் மாமா?"

"உள்ள இருக்கிற பிரேக் கட்டை போய்ச் சக்கரத்தைப் பிடிக்கும்."

"பிடிக்காதப்போ?"

"சக்கரம் தனியாச் சுத்தும். நடுவுல கிரீஸ் இருக்கு, வழுக்கிட்டுச் சுத்தும்." மாமா நிறுத்தினார். "அதாவது, அந்த நேரத்துல சக்கரத்துக்கும் வண்டிக்கும் சரியான தொடுப்பு கிடையாது."

போல்ட்டு தன் தலையைத் தொட்டுக்கொண்டாள். "வெயில் நாள்ல சீப்பால தலை சீவினா, சீப்பு பேப்பர்த் துண்டை இழுக்கும். மழை பேஞ்சா இழுக்காது. தேய்ச்சா மின்சாரம் வரும்னு டீச்சர் சொன்னாங்க. சக்கரமும் ரோட்டுல தேய்ச்சுக்கிட்டுத்தானே ஓடுது?"

மாமா அவளைத் திரும்பிப் பார்த்தார்.

"அன்னைக்குத் தூறல்ல சத்தமே இல்லையே!" என்றார். "ரோடு நனைஞ்சிருந்துச்சு. மின்சாரம் சேரலை. வெயில்ல சேருது. சேர்ந்தது போறதுக்கு வழியில்லாம அங்கேயே பொறி பொறியாத் தெறிக்குது. அதுதான் கரகரன்னு கேக்குது. பிரேக்கைப் பிடிச்சதும் வண்டிக்குள்ள இறங்கிடுது." பேசிக்கொண்டே வண்டியைத் திருப்பிவிட்டார். "வா, சக்கரத்தைத் திறந்து பார்ப்போம்."

ஷெட்டுக்கு வந்ததும் முன்பக்கத்தை ஜாக்கி வைத்துத் தூக்கினார். சக்கரத்தின் நடுவில் இருந்த பளபளப்பான மூடியைக் கழற்றினார். அதற்குள் ஒரு சின்ன இரும்புக் கிண்ணம், கிரீஸ் வெளியே வராமல் மூடியிருந்தது. ஸ்குரூ டிரைவரால் நெம்பி அதையும் எடுத்தார். துணியால் துடைத்தார்.

கிண்ணத்துக்குள் ஒரு குட்டி ஸ்பிரிங் இருந்தது. அதன் முனை, சக்கரம் சுற்றும் அச்சின் நுனியைத் தொடுவதற்காக நீட்டிக்கொண்டிருந்தது. சேர்ந்த மின்சாரம் இறங்கிப் போவதற்கென்றே யாரோ யோசித்து வைத்த வழி. அந்தக் காலத்திலேயே வைத்திருக்கிறார்கள்.

கிண்ணம் பச்சையாக இருந்தது. ஸ்பிரிங்கும் பச்சையாக இருந்தது. ஒரு சொட்டு வழியாமல், ஒரு சுற்று விடாமல், அழகாகப் பெயிண்ட் அடிக்கப்பட்டிருந்தது. பெயிண்டுக்குள் மின்சாரம் போகாது. வழியை அடைத்தாயிற்று.

மாமா அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார்.

"இதுவும் பெயிண்டா?" என்றார். "மச்சான் சொன்னது சரிதான். நான் அடிச்சதாலதான் எல்லாம்."

"ஏரியல்ல இல்லையே மாமா. பானட்லயும் இல்லை."

"எங்கே இருந்தா என்ன? பெயிண்டு பெயிண்டுதானே?" உப்புத்தாளை எடுத்து ஸ்பிரிங்கைத் தேய்க்கத் தொடங்கினார். பச்சை உதிர்ந்தது. கிண்ணத்தின் விளிம்பையும் தேய்த்து வெள்ளையாக்கினார். "போல்ட்டு, உங்க அப்பா வர்றதுக்குள்ள ரெண்டு சக்கரத்தையும் முடிச்சு மூடிடலாம். சத்தம் போயிடும். எப்படிப் போச்சுன்னு கேட்டா, தெரியலைன்னு சொல்லிடு. சரியா?"

போல்ட்டு 'சரி' என்று சொல்லத்தான் வாயைத் திறந்தாள். மாமாவுக்காக அவள் எதையும் மறைப்பாள்.

ஆனால் அவளுக்கு வேறொன்று தோன்றியது. மறைத்தால் ரேடியோ சரியாகும். டாக்டர் சந்தோஷமாகப் போவார். மாமாவும் திங்கட்கிழமை போய்விடுவார், மனத்துக்குள் இந்தப் பச்சை ஸ்பிரிங்கோடு. அப்பாவிடம் இவள் போய்ச் சொன்னாலோ, 'பார்த்தியா, பெயிண்டுதான்!' என்று அப்பா குதிப்பார். அப்போதும் மாமா போய்விடுவார்.

அவள் இன்னொரு சக்கரத்தைப் பார்த்தாள்.

"மாமா, இந்தக் கிண்ணத்துல பெயிண்ட் அடிச்சது நீங்க. கிரீஸ் வச்சு மூடினது யாரு?"

மாமாவின் கை நின்றது. "உங்க அப்பா. கிரீஸ் வேலை அவரோடது."

"அப்போ அவரும் இதைப் பார்த்திருப்பாருல்ல?"

மாமா கிண்ணத்தைத் திருப்பிப் பார்த்தார்.

"அந்தப் பக்கச் சக்கரத்தை நீங்க திறக்காதீங்க மாமா. அது அப்பாவுக்கு" என்றாள் போல்ட்டு. "பிரேக் விஷயத்தை மட்டும் சொல்லுங்க. மீதியை அவரே பாக்கட்டும்."

"அவர்தான் என்கூடப் பேசுறதில்லையே. நீ சொல்லிடு."

போல்ட்டு தலையை மட்டும் ஆட்டினாள். அது சரி என்பதுபோலவும் இருந்தது, இல்லை என்பதுபோலவும் இருந்தது.

கொஞ்ச நேரத்தில் அப்பா புது கண்டன்சரோடு வந்தார். தூக்கி நிறுத்தியிருந்த காரைப் பார்த்ததும் புருவத்தை உயர்த்தினார்.

"போல்ட்டு, வண்டியை ஏன் தூக்கி வச்சிருக்குன்னு உன் மாமாகிட்டக் கேளு."

போல்ட்டு அம்மாவின் மெஷினுக்குப் பக்கத்தில் போய் முக்காலியில் உட்கார்ந்தாள். "எனக்கு லீவு" என்றாள்.

"என்ன லீவு?"

"செய்தி சொல்ற வேலைக்கு லீவு. வாய் வலிக்குது. நீங்களே நேராப் பேசிக்கோங்க."

அம்மா மெஷினை நிறுத்தினாள். ஷெட்டுக்குள் திடீரென்று ஒரு சத்தமும் இல்லை. அப்பா கண்டன்சரை உருட்டிக்கொண்டு நின்றார். மாமா உப்புத்தாளை மடித்தார், பிரித்தார், திரும்பவும் மடித்தார். போல்ட்டு முக்காலியை இறுகப் பிடித்துக்கொண்டாள். லீவு போட்டது தப்போ? இன்னும் ஒரு நிமிடம் போனால் தானே எழுந்து போய்ச் சொல்லிவிடுவோமோ என்றுகூட அவளுக்குப் பயமாக இருந்தது.

மாமாதான் தொண்டையைக் கனைத்தார்.

"மச்சான்" என்றார். "ஓடும்போது பிரேக்கை லேசா மிதிச்சா சத்தம் நிக்குது. போல்ட்டு கண்டுபிடிச்சா. சக்கரத்துலதான் விஷயம். இந்தப் பக்கம் நான் பார்த்துட்டேன். அந்தப் பக்கத்தை நீங்க திறந்து பாருங்க."

அப்பா கண்டன்சரைக் கீழே வைத்தார். குனிந்து, மூடியைக் கழற்றி, கிண்ணத்தை நெம்பி எடுத்தார். துடைத்தார். பார்த்தார். பார்த்துக்கொண்டே இருந்தார்.

இப்போது சொல்லப்போகிறார், பார்த்தியா என்று சொல்லப்போகிறார் என்று போல்ட்டு கண்ணை மூடிக்கொண்டாள்.

"மாப்ள" என்றார் அப்பா. "இதை மூடினது நான்தான்."

போல்ட்டு கண்ணைத் திறந்தாள்.

"நல்லா ஞாபகம் இருக்கு" என்றார் அப்பா. "கையில எடுத்தேன். பச்சையா, மணி மாதிரி இருந்துச்சு. யாருமே பாக்காத இடத்துல கூட இவன் எவ்வளவு அழகா அடிச்சிருக்கான்னு நினைச்சேன். சிரிச்சுக்கிட்டே கிரீஸை வச்சு மூடிட்டேன். மின்சாரம் போற வழியாச்சேன்னு எனக்குத்தான் தெரியணும். வயரிங்காரன் நான்தானே? எனக்கே தோணலை. ரசிச்சுட்டு நின்னுட்டேன்."

மாமா நிமிர்ந்து அவரைப் பார்த்தார்.

"ரசிச்சவன், வாய்ல அதைச் சொல்லியிருக்கலாம்" என்றார் அப்பா. "சொல்லாம, ஷோகேஸ்ல வைக்கவான்னு கேட்டுட்டேன். கேட்டிருக்கக் கூடாது. உன் பெயிண்டை உன் கையாலயே சுரண்டவும் வச்சுட்டேன். தப்புதான் மாப்ள."

மாமா மூக்கை உறிஞ்சினார். பெயிண்ட் நெடி என்று யாராவது நினைத்துக்கொள்ளட்டும் என்பதுபோல் முகத்தைத் துணியால் துடைத்துக்கொண்டார். பிறகு உப்புத்தாளை இரண்டாகக் கிழித்து, ஒரு துண்டை அப்பாவிடம் நீட்டினார்.

"நீங்க ஸ்பிரிங்கைத் தேய்ங்க. நான் விளிம்பைத் தேய்க்கிறேன்" என்றார்.

அம்மா மெஷினை மிதிக்கத் தொடங்கினாள். துணியே வைக்காமல் வெறும் மெஷினை மிதித்துக்கொண்டிருந்தாள். போல்ட்டு அதைப் பார்த்தாள். ஆனால் சொல்லவில்லை.

மாலையில் டாக்டர் வந்தார். தானே ஓட்டிப் பார்ப்பதாகச் சொன்னார். அப்பா அவருக்குப் பக்கத்தில் உட்கார்ந்தார். பின்சீட்டில் மாமா, அம்மா, நடுவில் போல்ட்டு.

தெரு முனை தாண்டியது. ரேடியோ பாடியது. பள்ளிக்கூடம் தாண்டியது. ரேடியோ பாடிக்கொண்டே இருந்தது. ஆளில்லாத நீளச் சாலையில் டாக்டர் வேகத்தைக் கூட்டினார். வயலின் இழுப்பது, தபேலா தட்டுவது, பாடுகிறவர் மூச்சு விடுவது எல்லாம் தனித்தனியாகக் கேட்டது.

"அப்பாடா" என்றார் டாக்டர். அவருடைய தோள் இரண்டும் மெல்லத் தளர்ந்து இறங்கின.

அப்பா பின்பக்கம் திரும்பினார். "மாப்ள, திங்கட்கிழமை ஒரு நீல வண்டி வருது. அதைப் பத்திப் பேசணுமே."

போல்ட்டு மாமாவின் முகத்தைப் பார்த்தாள்.

"பேசலாம் மச்சான்" என்றார் மாமா. "முதல்ல எங்கெங்கே பெயிண்ட் அடிக்கக் கூடாதுன்னு சாக்பீஸால கோடு போட்டுக் குடுங்க. இல்லைன்னா நான் ஹாரனுக்குள்ள கூட அடிச்சு வச்சுடுவேன்."

"ஹாரனுக்குள்ள அடிச்சா நல்லாத்தான் இருக்கும். அதே நீலமா?"

"அதே நீலமா? உங்களுக்கு ரசனையே கிடையாது மச்சான். கொஞ்சம் வெளிறின நீலம்."

"வெளிறினா அழுக்குத் தெரியும்டா."

"தெரிஞ்சா துடைக்கணும். அதுக்குத்தான் துணி இருக்கு."

"கதவுக்கு?"

"கதவுக்கு வெள்ளைக் கோடு ஒண்ணு இழுக்கணும். மெல்லிசா."

"மெல்லிசுன்னா எவ்வளவு மெல்லிசு? போன தடவையும் இப்படித்தான் சொன்னே..."

இத்தனை நாளாகச் சேர்த்து வைத்ததையெல்லாம் சேர்த்துப் பேசினார்கள். அப்பா உடம்பையே திருப்பி உட்கார்ந்துகொண்டார். மாமா முன்சீட்டைப் பிடித்துக்கொண்டு எழுந்து நிற்காத குறை. பாட்டு எப்போது முடிந்தது, அடுத்த பாட்டு எப்போது தொடங்கியது என்று யாருக்கும் தெரியவில்லை.

டாக்டர் கண்ணாடி வழியாகப் பின்சீட்டைப் பார்த்தார்.

"ஏம்மா போல்ட்டு" என்றார், "ரேடியோவுல இருந்த சத்தம் போயிடுச்சு. இந்த ரெண்டு பேரையும் நிறுத்த எதை மிதிக்கணும்?"

"இதை நிறுத்தாதீங்க டாக்டர்" என்றாள் போல்ட்டு. "நான் கேட்டுக்கிட்டிருக்கேன்."